தன் வாயால் கெடும் ப்ரோ மைக்ரோ

“ப்ரோ மைக்ரோ இன்னும் வாங்கலாமா?” என்று கேட்பவருக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. நாமே நிரல் எழுதி ஏற்றி, கீபோர்டு போன்ற சிறு கருவிகள் செய்ய உதவும் அர்டுயினோ வகைக் குட்டி போர்டு இது. சிப்பைக் கேட்டால் ஒரு பதில், யுஎஸ்பி சாக்கெட்டைக் கேட்டால் வேறொரு பதில். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, இந்தப் போர்டுக்கு அது அப்படியே பொருந்தும். அட்மெகா 32யு4 சிப், 16 மெகாஹெர்ட்ஸ், 18 ஐஓ (உள்ளீட்டு, வெளியீட்டு) பின்கள் என்ற விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும். மாதக்கணக்கில் தினமும் கேபிளைச் செருகிப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இருக்காது. இங்கே பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான். அதுவும் 5 வோல்ட், மைக்ரோ யுஎஸ்பி குளோன்களை, அதாவது மலிவு நகல்களைப் பற்றி.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். குளோன்கள் பலவற்றில் சாக்கெட்டின் தகர உறைக்குக் கால்களே கிடையாது. போர்டைத் துளைத்து மறுபக்கம் வந்து நிற்க வேண்டியது, மேலே தட்டையாக உட்கார்ந்து கொஞ்சம் ஈயத்தை நம்பிப் பிழைக்கிறது. கேபிளின் முனையோ வெளியே நீட்டிக்கொண்டு நெம்புகோலாக வேலை செய்கிறது. அங்கே லேசாக மேல்நோக்கி ஒரு இழுப்பு என்றால், இங்கே பேட்களின் (சால்டர் பிடிக்கும் செம்புத் திட்டுகளின்) விளிம்பில் பல மடங்கு விசை. இதில் விட்டுப்போவது ஈயம் அல்ல. ஈயம் கெட்டியாகத்தான் இருக்கும். அதற்கு அடியில் போர்டோடு ஒட்டியிருக்கும் செம்புத் தகடுதான், வழக்கமாக 35 மைக்ரான் தடிமன், தோல் உரிவதுபோல் உரிந்து சாக்கெட்டோடு வந்துவிடும். “மறுபடி சால்டர் வைத்தால் போச்சு” என்ற சமாதானம் இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான். வைப்பதற்கு இடமே மிஞ்சாது.

பிய்ந்து விழுவதற்கு முன் அறிகுறி காட்டும். கேபிளை அசைத்தால் கணினியில் இணைப்புச் சத்தம் வந்து வந்து போகும். பிறகு சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்ற செய்தி. இந்தக் கட்டத்தில் டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவதில் ஒரு மாலைப்பொழுது வீணாகும். வேண்டாம். வேறு டேட்டா கேபிள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் கழுத்தறுக்கும் என்பது தெரிந்ததே. அதிலும் வரவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டியதுதான். ராவ் (RAW) என்ற மின்சார உள்ளீட்டுப் பின்னில் 5 வோல்டுக்குச் சற்றுக் குறைவாக மின்னழுத்தம் இருந்தும் கணினிக்கு ஆள் தெரியவில்லை என்றால், டேட்டா தடம் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோ யுஎஸ்பியில் 2ஆவது கால் டி மைனஸ், 3ஆவது டி பிளஸ்; டேட்டா போகும் இரண்டு தடங்கள் இவை. இரண்டும் தலா ஒரு 22 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிப்பின் 3, 4ஆம் கால்களுக்குப் போகின்றன. கேபிளைக் கழற்றிவிட்டு, சாக்கெட் காலுக்கும் சிப் காலுக்கும் இடையே அளந்தால் 22 ஓம் போலக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் குற்றவாளி பிடிபட்டான்.

போர்டு புதிதாக வந்தவுடனே, முதல் கேபிளைச் செருகும் முன்பே, பத்து நிமிடம் செலவழித்தால் இந்தக் கதை பெரும்பாலும் வராது. உறையின் இரு பக்கமும் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் களிம்பு) தடவி, தட்டை முனை சால்டரிங் அயர்னால் கூடுதல் ஈயம் ஊட்டுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு குழாய் எபாக்சியைக் கலந்து, அது கெட்டிப்படத் தொடங்கும்வரை பொறுங்கள். நீர்த்த நிலையில் வைத்தால் உறையின் இடுக்கு வழியே உள்ளே வழிந்துவிடும். பல்குச்சியால் இரு பக்கமும் பின்புறமும் கரை கட்டுவதுபோல் வையுங்கள். வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இரண்டு 22 ஓம் ரெசிஸ்டர்களை மட்டும் மூடிவிடாதீர்கள். நாளைக்குப் பிய்ந்தால் உயிர் கொடுக்கப்போவது அவைதான். சூப்பர் க்ளூ கூடாது: தண்ணீர்போல உள்ளே ஊர்ந்து தொடுமுனைகளில் படிந்துவிடும். ஹாட் க்ளூ பார்வைக்குத் திடமாக இருக்கும், வழவழப்பான போர்டிலிருந்து ஒரு நாள் முழுசாகக் கழன்று கையோடு வரும்.

பெட்டிக்குள் வைக்கும் புராஜெக்ட் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. சிறு நீட்டிப்புக் கேபிள் ஒன்றை உள்ளே நிரந்தரமாகச் செருகி, அதன் மறுமுனையைப் பெட்டியின் சுவரில் திருகி விடுங்கள். இழுபறி எல்லாம் பெட்டியோடு போகும்.

சரி, ஏற்கெனவே பிய்ந்துவிட்டதா? தூக்கி எறிய வேண்டாம். பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டுங்கள். வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். மலிவு கேபிள்களில் நிறம் பொய் சொல்லும், அதனால் மல்டிமீட்டரின் பீப் வைத்துச் சரிபார்த்த பிறகே தொடுங்கள். வெள்ளையும் பச்சையும் 22 ஓம் ரெசிஸ்டர்களின் சாக்கெட் பக்க முனைகளில் போக வேண்டும். கேபிள் கம்பி தடிமன் என்றால் நடுவே மெல்லிய எனாமல் கம்பி ஒரு துண்டு. சிவப்பு, சாக்கெட்டின் 5 வோல்ட் தடம் போய்ச் சேரும் முதல் பாகத்தின் காலில். கறுப்பு, கிரவுண்ட் பின் எதுவானாலும் சரி. டேட்டா கம்பிகள் இரண்டும் ஒரே நீளத்தில், முறுக்கி, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். இடம் மாறினால் எதுவும் எரியாது. சாதனத்தின் வேகத்தைக் கணினிக்குச் சொல்லும் புல்அப் ரெசிஸ்டர் தவறான கம்பியில் தெரிவதால் கணினி இதை லோ ஸ்பீடு சாதனம் என்று நினைத்துக் குழம்பும், அவ்வளவுதான். மாற்றி வைத்தால் சரி. ஒட்டி முடித்ததும் கேபிளைப் போர்டோடு சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்து பிய்வது ரெசிஸ்டர்.

“டைப் சி குளோன் வந்துவிட்டதே, அதை வாங்கினால் தொல்லை தீராதா?” பாதி தீரும். அவற்றில் சிலவற்றில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கேபிள் இணைந்ததைக் கண்டறிய உதவும் சிசி கால்களில் அவை இல்லையென்றால் சி-டு-சி கேபிளில் மின்சாரமே வராது, போர்டு செத்ததுபோல் கிடக்கும். டைப் ஏ முனையுள்ள கேபிளைப் போட்டவுடன் எழுந்து உட்காரும். இரண்டு ரெசிஸ்டரில் என்ன லாபம் பார்த்தார்களோ!

இரண்டாவது எரிச்சல், அப்லோடு செய்யும்போது காணாமல் போகும் காம் போர்ட், அதாவது கணினி போர்டோடு பேசும் வாசல். இதைப் போர்டின் குறை என்று சொல்ல மனம் வரவில்லை, நேரடி யுஎஸ்பிக்குக் கொடுக்கும் விலை இது. ஸ்கெட்ச் (நாம் எழுதும் நிரல்) ஓடும்போது ஒரு போர்ட் எண், அதை ஏற்றிவைக்கும் பூட்லோடர் ஓடும்போது வேறு எண். ஸ்கெட்ச் தொங்கிவிட்டாலோ, 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் வகை என்று தவறாகத் தேர்ந்தெடுத்து ஏற்றிவிட்டாலோ போர்ட்டே தெரியாது. ரீசெட் பொத்தான் இல்லாததால் ஆர்எஸ்டி பின்னையும் கிரவுண்டையும் கம்பியால் டக் டக் என்று இருமுறை தொடுங்கள். பூட்லோடர் 8 விநாடி விழித்திருக்கும். முதலில் தொட்டுவிட்டு அப்லோடு அழுத்தினால் கம்பைல் (நிரல் சிப்புக்கான வடிவத்துக்கு மாறுவது) ஆவதற்குள் 8 விநாடி ஓடிவிடும். அப்லோடை அழுத்திவிட்டு, கம்பைல் முடிந்து ஏற்றும் கட்டம் வரும்போது தொடுவதுதான் சரி. கீபோர்டாக இயங்கும் ஸ்கெட்ச் எழுதினால் பின் 2ஐ உள் புல்அப்புடன் வைத்து, அது கிரவுண்டில் பட்டிருந்தால் மட்டுமே தட்டச்சு செய் என்று முதல் வரியிலேயே காவல் போடுங்கள். இல்லாவிட்டால் திருத்தப் போன உங்கள் நிரலுக்குள்ளேயே அது தட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனை திட்டிய பிறகும் மேசையில் இந்தப் போர்டு இருக்கிறது. ஏன் என்றால், கணினியிடம் தன்னைக் கீபோர்டு, மவுஸ், மிடி கருவி என்று எப்படி வேண்டுமானாலும் அறிமுகம் செய்துகொள்ளும், தனி டிரைவர் கேட்காது, நடுவில் யுஎஸ்பி-சீரியல் மாற்றி சிப் கிடையாது. 18 பின்களை 9 வரிசை, 9 நெடுவரிசை கொண்ட மேட்ரிக்ஸாகப் போட்டு, விசைக்கு ஒரு 1என்4148 டையோடு வைத்தால் 81 விசைகள். 5 வோல்ட் லாஜிக் என்பதால் 16க்கு 2 எல்சிடியும் டபிள்யூஎஸ்2812 வண்ண எல்இடி பட்டையும் லெவல் ஷிஃப்டர் (மின்னழுத்த மாற்றி) இல்லாமல் ஓடும். 2,560 பைட் ராம் என்பது இன்றைக்குச் சிரிப்பு வரவழைக்கும் கணக்குதான்; மேக்ரோ பேடுக்கு (குறுக்குவழி விசைகள் கொண்ட குட்டிக் கீபோர்டு) அதுவே தாராளம். சிப் சாமானியமாகச் சாகாது. நாமே கொன்றால்தான் உண்டு: ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) இடம் ஒன்றுக்கு உத்தரவாதம் 1,00,000 முறை எழுதுவதற்குத்தான், ஒரு முறை எழுத 3.3 மில்லிவிநாடி போல ஆகும். லூப்பில் ஓயாமல் ஒரே இடத்தில் எழுதும் ஒரு வரி, ஆறு நிமிடத்துக்குள் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். மதிப்பு மாறினால் மட்டும் எழுதும் அப்டேட் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

ஆகவே கேள்விக்கு என் பதில்: வாங்காதீர்கள். ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ வாங்குங்கள். 264 கிலோபைட் ராம், பொத்தானை அழுத்திக்கொண்டு செருகினால் பென்டிரைவ்போலத் திறக்கும், தொங்கிப்போனாலும் மீட்க இந்த 8 விநாடி ஓட்டப்பந்தயம் வேண்டியதில்லை. பிக்கோவின் 3.3 வோல்ட் ஒத்துவராத வேலை, இதுதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றின் பூட்லோடர் போனால் மற்றதில் அர்டுயினோ ஐஎஸ்பி (மற்றொரு சிப்புக்கு நிரல் ஏற்றும்) ஸ்கெட்ச்சை ஏற்றி, 14, 15, 16 பின்களை நேருக்கு நேர் இணைத்து, 10ஆம் பின்னை எதிராளியின் ஆர்எஸ்டிக்குக் கொடுத்து, விசிசியையும் கிரவுண்டையும் சேர்த்து மீட்டுக்கொள்ளலாம். எபாக்சியையும் அதே ஆர்டரில் போட்டுவிடுங்கள்.