இழுவலைக்கு ஆமை விலக்கு சாதனம்: மானியத்தில் வாங்குமுன்

கடலில் பிடித்த இந்திய இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. இழுவலையில் கடலாமை சிக்குவதுதான் காரணம். அதற்கு விடையாகக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த சாதனத்தை, பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் முழு மானியத்தோடு தருகிறார்கள். நல்ல திட்டம், நல்ல கருவி.

அமைப்பு எளிது. மடிக்கு, அதாவது பிடிபட்டவை சேரும் வலையின் கடைசிப் பைக்கு, முன்னால் சாய்வாக ஒரு உலோகக் கம்பிச் சட்டம், அதையொட்டி வலையில் ஒரு திறப்பு, திறப்பின்மேல் ஒரு வலைமூடி. இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குப் போகும். ஆமை சட்டத்தில் மோதி, சறுக்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

வெற்றியும் தோல்வியும் சாய்வில்தான். கம்பி இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, கோணம் 30 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டும். செங்குத்தாக நின்றால் குப்பையும் கடற்பாசியும் கம்பியில் அடைத்துக்கொள்ளும், ஆமையும் சறுக்காது. ரொம்பப் படுத்துவிட்டால் நீரோட்டம் திறப்புப் பக்கம் திரும்பி இறாலையும் கொண்டுபோய்விடும். "கருவி போட்டால் பாடு (பிடிபடும் அளவு) குறையுது" என்ற குறைக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

வலை இழுபட இழுபடக் கோணம் மாறும். ஆகவே மடியைத் தொங்கவிட்டு அவ்வப்போது அளக்க வேண்டும். வளைந்த கம்பி, கிழிந்த மூடி, கழன்ற மிதவை இருந்தால் அப்படியே கடலுக்குப் போகாதீர்கள்.

பொருத்தித் தருவதோடு நிற்காமல், மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போதே மீன்வளத் துறை ஆட்கள் துறைமுகத்துக்கு வந்து கோணத்தைச் சரிபார்த்துத் தர வேண்டும்.