வண்ணாரப்பேட்டை இந்தி டியூஷன்: 'நே' தெளிவாகப் புரியும்

இந்தி பிரசார சபா தேர்வுகளான பிராத்மிக், மத்யமா படிக்கும் பிள்ளைகளை அதிகம் படுத்துவது, எழுவாயோடு சேரும் 'நே' உருபு. பழைய வண்ணாரப்பேட்டையின் இந்த மாடி டியூஷனில் அதை அவசரமில்லாமல் சொல்லித்தருகிறார்கள். செயப்படுபொருள் ஏற்கும் வினையாக இருக்கணும், செயலும் முடிந்திருக்கணும்; அப்போதுதான் 'நே' வரும். வினை எழுவாயை விட்டுச் செயப்படுபொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும்: 'ராம் நே ரோட்டீ காயீ' (ராம் ரொட்டி சாப்பிட்டான்; ரொட்டி பெண்பால் என்பதால் 'காயீ'). லானா (கொண்டுவருதல்), பூல்னா (மறத்தல்) விதிவிலக்கு.

நம்ம தமிழ் 'இல்' உருபை அப்படியே கொண்டுபோனால் தப்பு நிச்சயம். அறையில் என்றால் 'கம்ரே மே', மேசையில் என்றால் 'மேஜ் பர்', பஸ்ஸில் வந்தேன் என்றால் 'பஸ் சே'. உருபு சேர்ந்ததும் 'கம்ரா' 'கம்ரே' ஆகணுமே, அதை ஒவ்வொரு நோட்டிலும் விடாமல் திருத்துகிறார்கள். அருமையான வேலை! பேச்சுப் பயிற்சி போதாது. மாலை பேட்சில் கூட்டம் அதிகம், காலை பேட்ச் கேளுங்கள்.