ஆம்புலன்ஸ் பிபிஇ கிட்: போடுவது சுலபம், கழற்றுவதில்தான் வம்பு

சென்னை பாரிமுனை சர்ஜிக்கல் கடையொன்றில் "ஆம்புலன்ஸ் செட்" என்று விற்கும் பிபிஇ கிட், அதாவது தொற்று படாமல் காக்கும் உடைத் தொகுப்பு, இது. கவரால் (உடல் முழுதும் மூடும் அங்கி), என்95 மாஸ்க், கண்ணாடி, ஒரு ஜோடி கையுறை, ஷூ கவர், 5% ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி) அரை லிட்டர்.

கவரால் பரவாயில்லை. தையல் மேல் டேப் ஒட்டியிருப்பதால் ஊசி ஓட்டை வழியே ரத்தம் ஊறாது. ஆனால் ஒரே சைஸ். ஸ்ட்ரெச்சர் தூக்கக் குனிந்தால் முதலில் விடுவது கவட்டுத் தையல்தான். கடையிலேயே போட்டு, குந்தி எழுந்து பாருங்கள். கையுறை குட்டை, கையை நீட்டினால் மணிக்கட்டு தெரிகிறது. 12 அங்குல நைட்ரைல் கையுறை தனியாக வாங்க வேண்டும்.

கண்ணாடியில் ஆவி படிகிறது என்று எல்லாரும் கண்ணாடியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி மாஸ்க்: மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தாவிட்டால் மூச்சு மேலே கசியும். ஆவி படிந்தால் சீல் இல்லை, அதாவது மாஸ்க் முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டவில்லை என்றே சந்தேகப்படுங்கள். தாடி இருந்தால் சீலே கிடைக்காது.

பெரிய குறை கழற்றும்போதுதான். ஆளுக்குத் தொற்று ஒட்டும் ஆபத்து அதிகம் இருப்பதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். ஜிப் நாக்கு நகம் அளவுதான், கையுறையோடு பிடிபடாது. போடும் முன்பே அதில் டேப்பால் ஒரு வால் ஒட்டி வையுங்கள். கழற்றும் வரிசை: வெளிக் கையுறை, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிய கவரால், கண்ணாடி, மாஸ்க், கடைசியாக உள் கையுறை. கண்ணாடியையும் மாஸ்க்கையும் பின்வாரைப் பிடித்தே எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கைக்கு சானிடைசர். இதற்கு இரண்டு ஜோடி கையுறை வேண்டும், கிட்டில் ஒன்றுதான். சானிடைசரும் இல்லை, கழற்றியதைப் போட மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையும் இல்லை. என்ன செட்டோ!

ஹைப்போ ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு: அரை லிட்டரில் 1% கரைசல் இரண்டரை லிட்டர் வரும். துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விட்டு, ஸ்ட்ரெச்சர் கம்பிகளைத் தண்ணீரால் மறுபடி துடைக்க வேண்டும், இல்லையென்றால் துருப்பிடிக்கும். கத்திரி வெயிலில் நிற்கும் வண்டியில் பாட்டிலை வைத்தால் வீரியம் போய்விடும். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜாக்கிரதை.

ஒரு கிட் ஒருவருக்கு மட்டும். பைலட் (ஓட்டுநர்), ஈஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) என்று வண்டிக்கு இரண்டு வேண்டும். நோயாளிக்கும் கூட வருபவருக்கும் மூன்றடுக்கு மாஸ்க் வேறு. செட்டை விட்டுவிட்டு கவராலை மட்டும் சைஸ் பார்த்து எடுங்கள், மற்றதை உதிரியாக வாங்கலாம்.