பிள்ளையின் விளையாட்டுச் சப்பாத்து எத்தனை மாதம் உழைக்க வேண்டும்?

ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை ஒன்று. ஒழுங்கைக்குள் கிரிக்கெட் அடிப்பதற்கும், டியூஷனுக்குப் போவதற்கும், ஞாயிறு பின்னேரம் காலிமுகத் திடலில் ஓடுவதற்கும் ஒரே சோடிச் சப்பாத்துத்தான். அந்தச் சோடி நாலு மாதம் முதல் ஆறு மாதம் வரை உழைத்தால் அது நல்ல சப்பாத்து. மூன்று மாதத்துக்குள் அடி கழன்றால் சப்பாத்தில் பிழை, அல்லது பாவிக்கும் விதத்தில் பிழை. ஒன்பது மாதமாகியும் புதிது போலவே இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் பிள்ளையின் விரல்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவை உள்ளே மடங்கியபடி இருக்கும்.

"ஒரு வருசமாவது உழைக்குமா?" என்பதுதான் கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி. விலைவாசியைப் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் விடை சப்பாத்தில் இல்லை, காலில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் பாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளும். பத்து வயதை நெருங்க வேகம் கொஞ்சம் குறையும். இது ஒரே சீரான வளர்ச்சியும் அல்ல. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக 3 மில்லிமீற்றர் கூடிவிடும். புதுச் சப்பாத்தில் ஆக நீளமான விரலுக்கு முன்னால் 12 மில்லிமீற்றர் அளவு இடம் இருக்க வேண்டும். அதில் பாதி எப்போதும் வெறுமையாகவே இருக்க வேண்டிய இடம், ஏனென்றால் ஓடும்போது பாதம் முன்னால் தள்ளுப்படும். வளர்வதற்கு என்று மிஞ்சுவது 6 மில்லிமீற்றர்தான். மாதத்துக்கு 1 என்று கழித்தால் ஆறு மாதம். இரும்பால் அடித்துச் செய்த சப்பாத்தென்றாலும் அந்தக் காலுக்கு அதற்கு மேல் ஆயுள் இல்லை.

அப்படியென்றால் இரண்டு அளவு கூட்டி வாங்கலாமே என்று தோன்றும். நம் கடைகளில் பெரும்பாலும் பாவிக்கும் ஆங்கில அளவில் ஒரு எண் கூடினால் சுமார் 8.5 மில்லிமீற்றர், ஐரோப்பிய எண்ணில் ஒன்று கூடினால் சுமார் 6.7 மில்லிமீற்றர். இரண்டு ஆங்கில அளவு கூட்டினால் 17 மில்லிமீற்றர் வெற்றிடம் சேர்கிறது. பிள்ளை தடுக்கி விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சப்பாத்தே சீக்கிரம் பழுதாகும். ஒவ்வொரு சப்பாத்திலும் மடிவதற்கென்று ஒரு இடம் உண்டு. பெருவிரல் தொடங்கும் மூட்டுக்கு நேரே அடியில் குறுக்குக் கோடுகள் வெட்டியிருப்பார்கள். சப்பாத்து பெரிதானால் பாதத்தின் மூட்டு அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கும். மடியக்கூடாத இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் மடிந்து மடிந்து, மேல்துணி பக்கவாட்டில் வெடிக்கும்; அடியும் மேலும் சேரும் ஒட்டு அந்த இடத்திலேயே வாய் பிளக்கும். குதி உள்ளே வழுக்கி வழுக்கிப் பின்பக்க உள்துணியும் தேய்ந்து ஓட்டையாகும். நாளைக்கும் உழைக்கட்டும் என்று பெரிதாக வாங்கிய சோடி, அளவானதை விட முந்திப் போய்விடுவது இதனால்தான்.

அளக்கும் விதம் சுலபம். பின்னேரத்தில் அளக்க வேண்டும், நாள் முழுக்க நடந்த கால் சற்று விரிந்திருக்கும். விளையாடும்போது போடும் அதே தடிப்புச் சொக்ஸைப் போட்டு, குதி சுவரில் முட்ட, கடதாசி மேல் நிற்க வையுங்கள். இரண்டு காலையும் அளந்து, நீளமானதை எடுங்கள். கடையில் சப்பாத்தின் உள்தட்டைக் கழற்றி அதன்மேல் பிள்ளையை நிற்க விடுங்கள். விரலுக்கு முன்னால் அந்த 12 மில்லிமீற்றர் இடம் தெரிய வேண்டும். மேலே இருந்து சப்பாத்தின் மூக்கை, அதாவது முன்முனையை, அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். அமுக்கும்போது பிள்ளைகள் விரலைச் சுருக்கிக் கொள்வார்கள். வாங்கிய பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதே போல உள்தட்டில் நிற்க வைத்துப் பாருங்கள். இடம் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அந்தச் சோடியின் வேலை முடிந்தது.

இனி, தினமும் போடும் சோடி எந்த வரிசையில் தேய்கிறது என்பது. முதல் மாதத்தில் தெரிவது ஒட்டு. மூக்கின் ஓரத்தில் அல்லது குதியில் நகம் நுழையும் அளவு வாய் திறந்தால் அது தயாரிப்புப் பிழை. பசை பூச முன் அடியைச் சரியாக உரசாமல் விட்டிருப்பார்கள். பற்றுச்சீட்டோடு உடனே கடைக்குப் போக வேண்டியது அப்போதுதான். கடை கேட்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் மாதத்தில் மூக்கு தேயும். நாலாம் மாதத்தில் குதியின் உள்துணியும் உள்தட்டும் போகும். ஐந்தாம், ஆறாம் மாதத்தில் நடு அடியின் மெத்தை இறுகும். இந்த மெத்தை ஈ.வி.ஏ. எனப்படும் நுரை. அதன் பக்கவாட்டில் நிரந்தரச் சுருக்கம் விழுந்து, பெருவிரலால் அமுக்கினால் உள்வாங்காமல் கட்டை போல நின்றால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அதிர்ச்சியைத் தாங்காது.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பிள்ளைகளின் சப்பாத்து அதிகம் சாவது அங்கேதான். எந்த விளையாட்டு, எந்தக் கை என்பதைப் பொறுத்து எந்தச் சப்பாத்து முந்திப் போகும் என்று முன்கூட்டியே சொல்லலாம். வலக்கையால் வேகமாகப் பந்து வீசும் பிள்ளைக்கு வலச் சப்பாத்தின் மூக்கு போகும். பந்தை விட்டதும் பின்னங்கால் விரல் நிலத்தில் இழுபடும். வலக்கைப் பட்மின்டன் பிள்ளைக்கு இடதுகாலின் உட்பக்க மூக்கு போகும், வலதுகாலால் எட்டி வைக்கும்போது இடதுகால் பின்னால் உரசி வருவதால். தார் வீதியில் பந்து உதைத்தால் உதைக்கும் காலின் மூக்குத் தையல் முதலில் அறும். சைக்கிளைக் காலால் நிறுத்துகிற பிள்ளைக்கு எந்தச் சப்பாத்தும் ஈடுகொடுக்காது. பிரேக்கைத் திருத்துவதுதான் மலிவு. கொழும்பு ஒழுங்கைகளின் கொங்கிறீட்டும் நடைபாதைக் கற்களும் அரத்தாள் மாதிரி. புல் தரையில் ஐந்து மாதம் ஓடும் சப்பாத்து அங்கே இரண்டரை மாதத்தில் மூக்கைக் காட்டும். அதனால் அடியின் இறப்பர் மூக்கின் மேல் குறைந்தது ஒரு சென்ரிமீற்றராவது ஏறி வந்திருக்கும் சோடியை எடுங்கள். வலைத்துணி நேராக அடி வரை இறங்கும் சப்பாத்து, எவ்வளவு இலேசாக இருந்தாலும், ஒழுங்கைப் பந்து வீச்சாளருக்குச் சரிவராது.

அடுத்தது ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் கொட்டும் இடைப்பருவ மழை. இந்த நகரத்தில் நனைந்த சப்பாத்து ஓர் இரவில் காயாது. ஈரம் காயாமல் அடுத்த நாளும் போட்டால் உள்ளட்டை ஊறும், பசை தளரும், பூஞ்சணம் பிடித்து மணக்கும். செய்ய வேண்டியது: லேசை முழுதாகத் தளர்த்தி, உள்தட்டை வெளியே எடுத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி மூக்கு வரை அடைக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள். அந்த இரண்டாவது தாள்தான் முக்கியம்; முதல் தாளை அப்படியே விட்டால் அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். பிறகு சுவரில் சாய்த்து, வாய் காற்றாடியைப் பார்க்க வையுங்கள். மணம் போக ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் காய்ந்த சப்பாத்துக்குள் தூவி, காலையில் தட்டிவிடலாம். ஈரமாக இருக்கும்போது தூவினால் கட்டி பிடிக்கும்.

வெயிலில் காய வைப்பது விரைவுதான், ஆனால் கெடுதல். சப்பாத்து அடியை ஒட்டும் பசையைத் தொழிற்சாலையில் சுமார் 60 பாகை செல்சியசில் சூடாக்கித்தான் இளக்கி ஒட்டுவார்கள். நண்பகலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளும் தகரக் கூரை மேலும் அந்தச் சூடு தாராளமாக வரும். பசை திரும்ப இளகும், நுரை சுருங்கும், அடி வாழைப்பழம் போல வளையும். மழைக்காலத்தில் மட்டும் கழன்றது என்று நினைக்கும் பல அடிகள் உண்மையில் காரின் பின் இருக்கையில் கழன்றவை.

கழுவுவதில் பெரிய பிழை, சவர்க்காரத்தூள் கரைத்த வாளிக்குள் இரவு முழுக்க ஊற வைப்பது. அடுத்தது சலவை இயந்திரம். சிறிது ஷாம்பூ, பழைய பல் துலக்கி, குளிர் தண்ணீர், பத்து நிமிடம் போதும். வெள்ளைச் சப்பாத்து கழுவிய பின் மஞ்சளாவது பெரும்பாலும் அலசாமல் விட்ட சவர்க்காரத்தால். நன்றாக அலசி, வெள்ளை டிஷூ சுற்றிக் காய வைத்தால் மஞ்சள் டிஷூவில் ஏறும்.

மழைக்கு உண்மையான மருந்து இரண்டு சோடி. மாறி மாறிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் முழுதாகக் காய ஒரு நாள் கிடைக்கிறது, நுரையும் மீள்கிறது. ஆனால் கால் வளரும் கணக்கை மறக்கக்கூடாது: இரண்டையும் ஒரே நாளில் வாங்கினால் இரண்டும் ஒரே நாளில் சிறுக்கும். மூன்று மாதம் தள்ளி இரண்டாவதை வாங்கினால், புதியது வெளியில் போக, பழையது ஒழுங்கை விளையாட்டுக்கு.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பொதியில் வரும் சப்பாத்துகளுக்கு ஒரு வார்த்தை. பெரியம்மா அன்போடு அனுப்பியது, இப்போது பெரிது, இரண்டு வருசம் கழித்துப் போடலாம் என்று பெட்டியோடு அலுமாரியில் வைப்போம். சில வகைச் சப்பாத்துகளின் நடு அடி பொலியூரித்தேன் என்ற பொருளால் செய்தது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். போடாமல் வைத்திருந்தாலும் சில வருடங்களில் அது ரஸ்க் மாதிரி உதிரும். பூட்டிய பெட்டி கொழும்பில் பாதுகாப்பே அல்ல. காலுக்கு ஆறு மாதத்துக்குள் வரக்கூடிய அளவை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அளவைச் சொல்லும்போது பாத நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொல்வதுதான் பிழைக்காத வழி. அமெரிக்க எண்ணும் ஆங்கில எண்ணும் ஒன்றல்ல.

விலை. 3,000 ரூபாய்ச் சோடி இரண்டு மாதத்தில் பிளந்தால் மாதத்துக்கு 1,500. 6,000 ரூபாய்ச் சோடி ஆறு மாதம் உழைத்தால் மாதத்துக்கு 1,000. 15,000 ரூபாய்ச் சோடியும் அதே ஆறு மாதத்தில் சிறுக்கும், மாதத்துக்கு 2,500. வளரும் காலுக்கு நடுத்தர விலையே சரி என்பது எங்கள் தீர்ப்பு. நல்ல விலையான சோடிக்குரிய காலம் கால் வளர்ச்சி நிற்கும் வயது: பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று, ஆண் பிள்ளைகளுக்குப் பதினாலு, பதினைந்து.

புறக்கோட்டையானாலும் வெள்ளவத்தையானாலும் கடையில் பார்க்க வேண்டியவை ஒன்றுதான். மூக்கையும் குதியையும் பிடித்து மடியுங்கள். விரல் மூட்டுக்கு நேரே மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். குதியின் பின்பக்கத்தைக் கிள்ளிப் பாருங்கள், தட்டையாக அமுங்கக் கூடாது. அடியை நகத்தால் அழுத்துங்கள்: தடம் பதிந்து நின்றால் அது வெறும் நுரை, தாரில் ஒரு பருவம்கூட ஓடாது. பளபளக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் அடி ஈர டைல்ஸில் சறுக்கும்.

வெல்க்ரோ பிடிக்கவில்லை என்று சப்பாத்தையே வீசுகிறார்கள், பாவம். கொக்கிப் பக்கத்தில் நூலும் தூசியும் அடைத்திருக்கும். ஊசியால் கோதி எடுத்தால் போதும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் தையற்காரர் புதுத் துண்டு தைத்துத் தருவார்.

கழன்ற அடியைச் சுப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம். அது காய்ந்து கண்ணாடி போல இறுகும், முதல் மடிப்பிலேயே வெடிக்கும், பிறகு வேறு பசையும் பிடிக்காது. நடைபாதையில் குடை கட்டி இருக்கும் சப்பாத்துத் தைப்பவர் பாவிக்கும் மஞ்சள் பசைதான் வேண்டும். பழைய பசையை அரத்தாளால் உரசி எடுத்து, இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, அழுத்தி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைக்க வேண்டும். சுற்றிவரத் தைப்பது இறப்பர் விளிம்பு உயர்ந்த சப்பாத்துக்கு மட்டும் பொருந்தும். நுரை அடியில் தைத்தால் நூலே நுரையை வெட்டிவிடும். கன்வஸ் சப்பாத்தில் இந்தத் தொல்லை குறைவு. நல்ல கன்வஸில் இறப்பர் அடியும் சுற்றுப்பட்டியும் துணியோடு சேர்த்து வேகவைக்கப்பட்டவை. அங்கே முதலில் கிழிவது மடியும் இடத்துத் துணிதான், அதை உட்பக்கம் துண்டு வைத்துத் தைக்கலாம்.

தம்பிக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, சோடியை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். குதி நேராக நின்று, நுரையும் இறுகாமல் இருந்தால் புது உள்தட்டு மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். ஒரு பக்கம் சரிந்து நின்றால் வேண்டாம். அண்ணனின் நடையில் தேய்ந்த அந்தச் சரிவுக்குத் தம்பியின் கணுக்கால் வளைய வேண்டி வரும்.