அம்மைக்க மாத்திரை டப்பா

ஷார்ஜாவுல இருந்து லீவுக்கு வந்து திருவனந்தபுரத்துல எறங்கி களியக்காவிளை மார்த்தாண்டம் வழியா திங்கள்நகர் பக்கம் எங்க வீட்டுக்கு வந்து சேர ராத்திரி ஆயிட்டு. அம்மை வாசல்லயே நின்னா. கால பாத்ததும் எனக்கு திக்குன்னு ஆச்சு, கணுக்கால் ரெண்டும் வீங்கி செருப்பு வார் பதிஞ்சு கெடக்கு. கேட்டா "வயசாச்சுல்லா மக்ளே"ன்னு சொல்லுதா.

மறுநாள் அவளுக்க மாத்திரை டப்பாவ, பழைய பிஸ்கட் டின்னுதான், அப்படியே பாய்ல கொட்டுனேன். பாதி அட்டைல பேரே இல்ல, மெடிக்கல்ல நாலு அஞ்சுன்னு வெட்டி குடுக்கும்போது பேரும் தேதியும் மத்த துண்டுல போயிடுது. இருந்தத டார்ச் அடிச்சு ஒண்ணொண்ணா வாசிச்சேன். "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கல்ல"ன்னு போட்ட அட்டைல பிரஷர் மாத்திரை ஆம்லோடிபின் 5. தனியார் கிளினிக்ல எழுதி வாங்குன அட்டைல பெருசா வேற ஒரு கம்பெனி பேரு, அதுக்கு கீழ எறும்பு மாதிரி எழுத்துல அதே ஆம்லோடிபின் 5. ரெண்டயும் தினமும் போட்டிருக்கா. கால் வீக்கம் அந்த மருந்துக்க தெரிஞ்ச பக்க விளைவுதான், அளவு கூடுனா வீக்கமும் கூடும்.

அரசு மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல வாறது, 2021ல தொடங்குன திட்டம், மாசாமாசம் ஒரு அக்கா பிரஷர் மெஷினோட வீட்டுக்கே வந்து பாத்துட்டு குடுத்துட்டு போறாங்க, உண்மையிலேயே பெரிய உபகாரம். அவங்க ஒவ்வொரு தடவையும் வெளிய வேற மாத்திரை எடுக்கீங்களான்னு கேட்டிருக்காங்க, இவ இல்லன்னு சொல்லிருக்கா. ஏன்னா உண்மைய சொன்னா இத நிறுத்திருவாங்களோன்னு பயம். கிளினிக்ல யாரும் கேக்கவே இல்லயாம். கேட்டிருக்கணும், எனக்கு அதுல கோவம்தான்.

இதவிட எனக்கு கஷ்டமா இருந்தது டின்னுல கெடந்த இன்னொரு சின்ன மாத்திரை, குளோனசெபாம், பதட்டத்துக்கு குடுக்குறது. அப்பா போனப்பறம் ராத்திரி வெப்ராளம், நெஞ்சு படபடன்னு அடிக்கும், தூக்கமே இல்ல. பத்து நாளைக்குன்னு ஒரு டாக்டர் எழுதுனத பழைய சீட்டு காட்டியே எட்டு மாசம் வாங்கிருக்கு. இது டாக்டர் சீட்டு இல்லாம விக்கப்படாத மருந்து. நான் வாறதுக்கு நாலு நாள் முன்ன பக்கத்து வீட்டுல யாரோ "அது பழகிரும்"ன்னு சொல்ல ஒரேயடியா நிறுத்திட்டா, அதுல கை நடுக்கமும் படபடப்பும் முன்ன இருந்தத விட கூடிட்டு.

மனநல ஓபிக்கு வாம்மான்னா "நாலு பேரு என்ன சொல்லுவினும்"ன்னு அழுதா. ராத்திரி 14416க்கு ஸ்பீக்கர்ல போட்டேன், டெலி மானஸ்னு அரசு மனநல உதவி நம்பர், காசு கெடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசுனாங்க. முதல்ல ஒண்ணுரெண்டு வார்த்த சொன்னவ அப்பறம் எனக்க கைல இருந்து போன வாங்கிட்டு திண்ணைல போய் இருந்து இருவது நிமிஷம் பேசுனா. எங்கிட்ட சொல்லாதத எல்லாம் அந்த பிள்ளைட்ட சொன்னா.

அடுத்த நாள் டின்னோட ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போனோம். காலைலயே போய் ஓபி சீட்டு எடுத்துட்டோம், கூட்டம் இருந்துது, காத்திருக்கணும், ஆனா டாக்டர் ஒவ்வொரு அட்டையா பாத்தாங்க. சின்ன மாத்திரைய சட்டுன்னு விடக்கூடாது, திரும்ப தொடங்கி அரை அரையா குறைக்கணும்னு தேதி போட்டு எழுதி தந்தாங்க. பதட்டத்துக்கு புதுசா ஒண்ணு, அது வேல செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், பலன் தெரியலன்னு பாதில விட்டுராதீங்கன்னாங்க. பிரஷர் டாக்டர் ஆம்லோடிபின்ல ஒண்ண நிறுத்த சொன்னாங்க, ஒரு வாரம் கழிச்சு பிரஷர் பாக்கணும்.

அம்மைய விசிட்ல கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன், இந்த குளோனசெபாம் கொண்டுவரணும்னா அமீரகத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், வளைகுடா போறவங்க டிக்கெட் போடும் முன்னயே இத பாத்துக்கிடுங்க. குறைச்சு முடிக்கட்டும்னு தள்ளி வச்சாச்சு.

மாத்திரை பேரு, அளவு, நேரம் எல்லாம் பெரிய எழுத்துல எழுதி அடுக்களை கதவுல ஒட்டிட்டு வந்தேன். மைனிதான் அடுத்த ஓபிக்கு கூட்டிட்டு போறா. நேத்து வீடியோ கால்ல அம்மையே போன கீழ தாத்தி கால காட்டுனா, செருப்பு வார் தடம் இல்ல.