இரண்டாவது கியர் கரகரத்த பழைய காரோடு சில வருடங்கள்

என்னிடம் இருப்பது 2004 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஐந்து கியர், கேபிள் கிளட்ச், ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் வீடு, கோத்தகிரியில் மாமியார் வீடு, அதனால் மலையேறி இறங்குவது இந்தக் காருக்கு வாடிக்கை. கியர் கரகரக்க ஆரம்பித்ததிலிருந்து முழுசாகத் தீர்ந்தது வரைக்கும் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று எழுதுகிறேன். இந்தச் சத்தத்தைக் கேட்டதுமே கியர்பாக்ஸ் போச்சு என்று பயந்து நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

எந்தக் கியரில், எப்போது கரகரக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நான் முதலில் போன பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கியர்பாக்ஸ இறக்கிப் பாத்துரலாம்ங்க" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இறக்கி ஏற்றும் கூலிதான் இந்த வேலையில் பெரிய செலவு, காரணம் தெரியாமல் அதற்குச் சம்மதிக்கக் கூடாது.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிற்கும்போதே இறுக்கமாகவோ தடுமாறியோ விழுந்தால் கியர் லீவர் புஷ், லிங்கேஜ் (லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் பாகங்கள்) பக்கம் பார்க்க வேண்டும். சுலபமாக விழுந்தால் இன்ஜினை ஓட விட்டு, கிளட்சை முழுசாக மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல பழைய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோனைசர் (கியர் விழும் முன்பு வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) கிடையாது, அதனால் உடனே போட்டால் கொஞ்சம் உரசத்தான் செய்யும், ஆனால் பொறுத்துப் போட்டும் கரகரத்தால் கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் காற்றோ கசிவோ இருக்கலாம். இது கியர்பாக்ஸ் கோளாறே இல்லை.

என் காரில் கிளட்ச் கோளாறு, கியர்பாக்ஸ் கோளாறு இரண்டும் கலந்திருந்தது. ரிவர்ஸிலும் லேசாக உரசியது, இரண்டாவதில் நன்றாகவே கரகரத்தது. கிளட்ச் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சில இழைகள் அறுந்திருந்தன. புதுக் கேபிள் போட்டு பெடல் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன்பு பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரிசெய்ததும் ரிவர்ஸ் சத்தம் போயே போச்சு. இரண்டாவது கியரின் சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். இந்தக் கியர்பாக்ஸ்களில் முன்னோக்கிப் போகும் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே சுற்றுகின்றன. நாம் லீவரைத் தள்ளும்போது ஒரு ஸ்லீவ் நகர்ந்து கியரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பற்களில் போய் மாட்டுகிறது. அதற்கு முன்னால் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துவது ஒரு பித்தளை வளையம், அதுதான் சிங்க்ரோனைசர் ரிங். அது தேய்ந்துபோனால் வேகம் சமமாகும் முன்பே ஸ்லீவ் பற்களில் மோதும். இரண்டாவது கியர் ரிங்தான் பெரும்பாலும் முதலில் போகும். முதல் கியர் விகிதம் 3.5, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொண்டால், 4,000 ஆர்பிஎம்மில் மாற்றும்போது கிளட்ச் பிளேட்டும் இன்புட் ஷாஃப்டும் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) 2,200 பக்கம் இறங்க வேண்டும். அவ்வளவு வேலையையும் அந்த ஒரு வளையம் செய்கிறது, டவுன் டிராஃபிக்கில் நாள் பூராவும்.

அடுத்து ஆயில். வடித்தபோது கருகருவென்று வந்தது, வெயிலில் பார்த்தால் தங்கப்பொடி மாதிரி மினுக்கம். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை இரும்புத் தேய்மானம், ஓரளவு இருப்பது சகஜம். காந்தத்தில் ஒட்டாத அந்த மஞ்சள் மினுக்கம்தான் பித்தளை. ஆயில் வாங்கும்போது கார் மேனுவலைப் பார்த்தே வாங்குங்கள். என் காருக்கு 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (ஆயிலின் தரவகை). கடையில் ஜிஎல்-5 தருகிறேன், இன்னும் ஒசத்தி என்றார்கள். அது டிஃபரன்ஷியலுக்கு (சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகம்) நல்லது, ஆனால் அதில் சல்ஃபர், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், சில வகை பித்தளையை அரிக்கும், வழுக்கலும் கூடிப்போய் ரிங் பிடிக்காது. சில கார்களுக்கு ஜிஎல்-5 என்றே கம்பெனி சொல்லியிருக்கும், அங்கே அதுதான் சரி. இன்னொன்று, டிரெயின் போல்ட்டைத் தொடும் முன்பு ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டால் வண்டியை நகர்த்த முடியாது.

புது ஆயிலில் நல்ல மாற்றம் தெரிந்தது, முக்கியமாக கோத்தகிரியின் குளிர்ந்த காலைகளில். ஆனால் தேய்ந்த ரிங்கை எந்த ஆயிலும் திரும்ப வளர்க்காது. கியர் சத்தம் நிற்கும் என்று பாட்டிலில் விற்கும் சேர்மானங்களையும் பார்த்தேன், என் அனுபவத்தில் அது வீண் செலவு.

அதன்பின் நீண்ட காலம் டபுள் கிளட்ச் போட்டே ஓட்டினேன். மேலே மாற்றும்போது கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு நொடி, மறுபடி கிளட்ச் மிதித்து அடுத்த கியர். கீழே இறக்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டதும் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்ற வேண்டும். 1928-இல் கேடிலாக் கார் கம்பெனி சிங்க்ரோமெஷ் (சிங்க்ரோனைசர் உள்ள கியர்பாக்ஸ்) கொண்டுவரும் முன்பு பெரும்பாலான டிரைவர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள், நம் ஊர் பழைய லாரி டிரைவர்களுக்கு இது கைவந்த கலை. கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்குச் சத்தமே இல்லாமல் விழும்போது வரும் சந்தோஷம் தனி. மலையில் இறங்கும்போது இரண்டாவது கியர் கட்டாயம் வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. போட்ட கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வர ஆரம்பித்தால் மட்டும் இப்படிச் சமாளித்து ஓட்டாதீர்கள், அந்த வண்டியோடு மலைக்குப் போகவே போகாதீர்கள்.

கடைசியில் கிளட்ச் பிளேட் மாற்றும் நேரம் வந்தபோது ரிங்கையும் சேர்த்து மாற்றினேன். கியர்பாக்ஸை எப்படியும் இறக்குகிறார்கள், கூலி ஒன்றுதான், அதனால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீல் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். மெக்கானிக் பொறுமைசாலி, பழைய ரிங்கைக் கியரின் கோன் (ரிங் உரசிப் பிடிக்கும் கூம்புப் பகுதி) மேல் வைத்து இடைவெளியை ஃபீலர் கேஜில் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளந்து காட்டினார், தேய்மானத்தால் இடைவெளியே இல்லாமல் கிட்டத்தட்ட ஒட்டியே இருந்தது. ஸ்லீவ் பற்களின் முனையும் மழுங்கியிருந்ததால் அது நகரும் ஹப்போடு சேர்த்தே மாற்றினோம். ரிங்கை மட்டும் மாற்றி மழுங்கிய ஸ்லீவை விட்டிருந்தால் சத்தம் சீக்கிரமே திரும்பியிருக்கும். புது ரிங்கை கியர் ஆயிலில் ஊறவைத்துத்தான் பொருத்தினார்.

இப்போது இரண்டாவது கியர் ஒரு விரலால் தள்ளினாலே விழுகிறது. கையை லீவர் மேல் வைத்தபடி ஓட்டுவதில்லை, கிளட்ச் மேல் காலை வைப்பதில்லை. நீங்களும் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், ரிங்கும் ஸ்லீவும் கைக்கு வந்த பிறகு கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள். இவ்வளவு பழைய வண்டிக்குப் பாகம் உடனே கிடைப்பதில்லை, அது வரும்வரை கார் பட்டறையில் பிரித்துப்போட்டபடி கிடக்கும்.