இன்ஜின் ஸ்டாண்டு: வாங்குவதா, பட்டறையில் அடிப்பதா?

வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜினை மாட்டி, திருப்பித் திருப்பி வேலை பார்க்கிற தாங்கிதான் இன்ஜின் ஸ்டாண்டு. மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் இன்ஜின்களோடு நின்றுவிடுகிறவர்கள் ரெடிமேடாகவே வாங்கிவிடலாம். பழைய ஜீப், பொலேரோ மாதிரி வார்ப்பிரும்பு டீசல் இன்ஜினை ஏற்றப் போகிறீர்கள் என்றால், திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் நல்ல வெல்டராகப் பார்த்து அடித்து வாங்குவதே மேல்.

ரெடிமேடில் 450 கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டி வருகிற ரகம்தான் அதிகம். விலை குறைந்தவற்றில் முன்னால் ஒற்றைச் சில்லு (சக்கரம்) இருக்கும், அதைத் தொடாதீர்கள். வீட்டு ஷெட்டில் தரை மொசைக் மாதிரியா இருக்கப்போகிறது? ஒரு சல்லிக்கல் சிக்கி சில்லு நின்றால், தள்ளுகிற வேகத்தில் மொத்தமும் பக்கவாட்டில் சாயும். நாலு சில்லு ரகத்திலும் மடக்குகிற மாடல் வேண்டாம். மடக்குகிற போல்ட்டில் ஆட்டம் விழுந்தால் முன்கால் தொங்கிவிடும்.

பட்டறையில் அடிக்கும்போது குழாய்தான் முதல் சண்டை. 200 கிலோ இன்ஜின், அதன் எடை மையம் ஸ்டாண்டின் நிமிர்ந்த கம்பத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 40×40×2 மி.மீ. சதுரக் குழாயில் அந்தச் சுமை கிட்டத்தட்ட 215 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுக்கும்; சாதாரண மைல்டு ஸ்டீல் 250-ஐ ஒட்டியே வளைந்துவிடும். ஒரு குலுக்கல் போதும். 60×60×4 போட்டால் அதே சுமைக்கு 50-தான். “அதுவே தாங்கும் அண்ணாச்சி” என்று சின்னக் குழாயைக் காட்டினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 60×60×4 மீட்டருக்கு 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். கம்பம் 85 செ.மீ., முன்னோக்கி இரண்டு கால் 90 செ.மீ. வீதம், பின் குறுக்கு 80 செ.மீ., கம்பத்தை முன்கால்களோடு இழுத்துப் பிடிக்க 40 செ.மீ.-ல் இரண்டு சாய்தாங்கி: எல்லாம் சேர்த்து நாலேகால் மீட்டர். 6 மீட்டர் நீளக் குழாய் ஒன்றிலேயே முடிந்துவிடும். முன்பக்கம் குறுக்குக்கட்டை வைக்க வேண்டாம். செயின் பிளாக்கில் இறக்குகிறவருக்குப் பாதகமில்லை. கிரேனில் இறக்குகிறவருக்குக் கிரேன் கால் உள்ளே நுழைய அந்த வாய் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து சுழலும் தலை, அதாவது கம்ப உச்சியில் இன்ஜினைப் பிடித்துத் திருப்புகிற பகுதி; ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் சுழலும். இங்கேதான் நிறைய ஸ்டாண்டு கெடுகிறது. இரண்டு இஞ்ச் குழாயை இரண்டரை இஞ்ச் குழாய்க்குள் நுழைத்தால் சரியாக இருக்கும் என்று நினைப்பார்கள். இரண்டு இஞ்சின் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; இரண்டரை இஞ்சின் உள்விட்டம் 67-க்கு மேல். அந்த இடைவெளியில் இன்ஜின் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு தொங்கும். லேத்தில் இடைவெளியை அடைக்கிற வளையம் (புஷ்) கடைந்து, அரை மில்லிக்கு மேல் ஆட்டமில்லாமல் போடுங்கள். வெளிக் குழாய் 15 செ.மீ. நீளமாவது இருக்கட்டும், ஒரு கிரீஸ் நிப்பிளும் வையுங்கள். சுமை ஏறியதும் கொஞ்சம் தணியும் என்பதால் தலையை 3 டிகிரி மேல்நோக்கி வைத்தே வெல்ட் பண்ணச் சொல்லுங்கள். அழகுக்காக வெல்டை கிரைண்டரில் வழித்துவிடுவார்கள். கம்ப அடியிலும் தலையிலும் அதை அனுமதிக்காதீர்கள், பலம் போகும்.

சில்லு 5 இஞ்ச், ஒன்று 150 கிலோவாவது தாங்குவது. பின்னிரண்டும் பிரேக்கோடு திரும்புகிறவை, முன்னிரண்டும் நேர்ச்சில்லு.

வாங்கினாலும் அடித்தாலும் மாட்டும் விதம் ஒன்றே. சுழலும் தலையின் நாலு கைகளையும், இன்ஜின் பின்பக்கம் கியர்பாக்ஸ் சேர்கிற பெல் ஹவுசிங் துளைகளில் 8.8 கிரேடு (பலம் கூடிய) போல்ட்டால் பிடியுங்கள். 10 மி.மீ. போல்ட் வார்ப்பிரும்பு பிளாக்கில் 15 மி.மீ., அலுமினியத்தில் 20 மி.மீ. உள்ளே ஏற வேண்டும். குறைந்தால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும். கைகளை இறுக்குவதற்கு முன் இன்ஜினின் எடை மையம் சுழலும் குழாயின் நேர்கோட்டில் வருகிறதா பாருங்கள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியதும் அந்த மையம் கீழே இறங்கிவிடும். அப்புறம் சுழலும் தலையைப் பூட்டியிருக்கும் பின்னை உருவும்போது, அதைத் திருப்பும் கைப்பிடியை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கைப்பிடி தாடையைப் பதம் பார்க்கும்.

இப்படிப் பெல் ஹவுசிங்கில் பிடிக்கிற ஸ்டாண்டில் ஒரு குறை மட்டும் தீராது: ஃப்ளைவீல், கிளட்ச், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் இன்ஜின் அதில் இருக்கும்போது மாட்ட முடியாது. செயின் பிளாக்கில் தொங்கவிட்டுத்தான் மாட்டியாக வேண்டும், அதனால் வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கை அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.